மறைத்துவைக்கப்பட்ட 1400: டார்ட்மத் கல்லூரியும் அனுப்பப்படாத மதிப்பெண்களும்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஹானோவர் என்னும் சிற்றூரில் இருக்கும் டார்ட்மத் கல்லூரி, 2024 பிப்ரவரி 5 அன்று ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் விண்ணப்பிக்கப் போகும் மாணவர்கள், அதாவது 2029இல் பட்டம் பெறவிருக்கும் வகுப்பினர், கல்லூரிச் சேர்க்கைக்காக நாடு முழுவதும் எழுதப்படும் எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. தேர்வின் மதிப்பெண்ணைக் கட்டாயம் அனுப்ப வேண்டும் என்பதே அதன் சாரம். பெருந்தொற்றின் காரணமாக 2020 ஜூன் மாதத்தில் அந்தக் கட்டாயத்தை நீக்கி, நான்கு சேர்க்கைச் சுற்றுகளாக, மதிப்பெண்ணை அனுப்புவதா வேண்டாமா என்ற முடிவை மாணவரிடமே விட்டிருந்த கல்லூரி அது.

தேர்வை மீண்டும் கட்டாயமாக்கிய முதல் நிறுவனம் டார்ட்மத் அன்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி. 2022 மார்ச் மாதத்திலேயே அதைச் செய்துவிட்டது. ஆனால் டார்ட்மத் சொன்ன காரணம் வேறு வகையானது. வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த, திறமையான மாணவர்கள் நூற்றுக்கணக்கானோர், தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய மதிப்பெண்ணைத் தாங்களே மறைத்துக்கொண்டார்கள் என்பதே அந்தக் காரணம். எளியவர்களுக்காகத் திறக்கப்பட்டதாக எல்லோரும் நம்பிய கதவு, அதே எளியவர்களில் ஒரு பகுதியினரை வெளியே நிறுத்தியது. எந்த மதிப்பெண்ணை அனுப்புவது, எதை விடுவது என்று ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு முதல் ஜனவரி வரை தவிக்கும் குடும்பங்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு நிகழ்வு கிடைப்பது அரிது என்று கருதுவதால், அதை இங்கே விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

விருப்பம் வந்த வழி

எஸ்.ஏ.டி. தேர்வு 1926இல் தொடங்கியது, ஏ.சி.டி. 1959இல். முன்னது 400 முதல் 1600 வரையிலான அளவுகோலில், வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த ஒரு பகுதிக்கு 800, கணிதத்துக்கு 800 என்று மதிப்பிடப்படுகிறது. பின்னதன் உச்ச மதிப்பெண் 36. இரண்டையும் ஒப்பிடுவதற்கு, தேர்வை நடத்தும் இரு அமைப்புகளும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட அட்டவணை ஒன்று உண்டு, அதன்படி ஏ.சி.டி. 33 என்பது எஸ்.ஏ.டி. 1450 முதல் 1480 வரைக்கு இணை. இரண்டையும் எழுதிய மாணவர் எதை அனுப்புவது என்ற கேள்விக்கு அந்த அட்டவணையைப் பார்த்தால் போதும். கல்லூரிகள் இவற்றில் எதற்கும் தனிச் சலுகை தருவதில்லை என்பதால் அதில் அதிகம் யோசிக்க எதுவும் இல்லை.

மதிப்பெண்ணே வேண்டாம் என்ற எண்ணம் பெருந்தொற்றோடு பிறந்ததன்று. மெய்ன் மாநிலத்தின் போடன் கல்லூரி 1969லேயே கட்டாயத்தை நீக்கியது. 2018இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதே வழியில் சென்றபோது, மிகுந்த போட்டியுள்ள பெரிய நிறுவனங்களும் அதைப் பற்றிப் பேசத் தொடங்கின. 2020இல் தேர்வு மையங்கள் மூடப்பட்டன. இடம் கிடைக்காமல் மாணவர்கள் மாநிலம் விட்டு மாநிலம் அலைந்தார்கள். அந்த நிலையில் மதிப்பெண்ணைக் கேட்பது நியாயமில்லை என்று ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளும் கருதின, அது சரியும்கூட.

ஆனால் ‘டெஸ்ட் ஆப்ஷனல்’, அதாவது மதிப்பெண்ணை அனுப்புவது உங்கள் விருப்பம், என்ற ஒரே பெயரின் கீழ் உண்மையில் ஒரு புதிய வேலை மாணவரின் தலையில் வந்து விழுந்தது. அதற்கு முன் மாணவர் தேர்வு எழுதினார், மதிப்பெண் சென்றது, கல்லூரி அதை எடைபோட்டது. இப்போது எடைபோடும் வேலையின் முதல் பாதியை 17 வயதுப் பிள்ளை செய்ய வேண்டியதாயிற்று. தன் மதிப்பெண் அந்தக் கல்லூரியின் பார்வையில் பலமா, பலவீனமா என்று ஊகித்து முடிவெடுக்க வேண்டும்; ஊகிப்பதற்குத் தேவையான தகவலில் பெரும்பகுதி கல்லூரியின் உள்ளறையில்தான் இருக்கிறது. பணம் கொடுத்து ஆலோசகரை வைத்துக்கொண்ட குடும்பம் அந்த உள்ளறை எப்படி இயங்குகிறது என்பதை ஓரளவு கேட்டுத் தெரிந்துகொண்டது. மற்றவர்கள் கல்லூரி வெளியிட்ட இரண்டு எண்களை வைத்துக்கொண்டு முடிவெடுத்தார்கள்.

நால்வர் குழு கண்டது

2023இல் டார்ட்மத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற சயான் பைலாக், அறிவாற்றல் அறிவியலர். தேர்வு போன்ற நெருக்கடியான வேளையில் திறமையானவர்கள் ஏன் தடுமாறுகிறார்கள் என்பது அவருடைய ஆய்வுத்துறை. பெருந்தொற்றுக் காலத்து ஏற்பாட்டைத் தொடர்வதா வேண்டாமா என்ற முடிவை உணர்ச்சியின் அடிப்படையில் எடுக்காமல், கல்லூரியின் தரவுகளை ஆராயும்படி பொருளியலர்களான எலிசபெத் கேசியோ, புரூஸ் சாசர்டோட், டக் ஸ்டைகர் ஆகியோரையும், சமூகவியலாளர் மிஷெல் டைனையும் அவர் கேட்டுக்கொண்டார். நால்வரும் அங்கேயே பணிபுரியும் பேராசிரியர்கள்.

அவர்களுடைய அறிக்கையின் முதல் முடிவு பலரும் எதிர்பார்த்ததுதான். டார்ட்மத்தில் ஒரு மாணவர் எப்படிப் படிப்பார் என்பதைப் பள்ளி மதிப்பெண்ணைவிடத் தேர்வு மதிப்பெண் நன்றாகவே முன்னுணர்த்தியது. வசதி உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடின்றி இது பொருந்தியது. இதில் பெரிய வியப்பில்லை. ஏறக்குறைய எல்லோருமே பள்ளியில் ‘ஏ’ வாங்கியவர்களாக இருக்கும் ஒரு விண்ணப்பக் குவியலில், பள்ளி மதிப்பெண்ணால் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக்காட்ட முடிவதில்லை.

இரண்டாவது முடிவுதான் இந்த நிகழ்வின் உயிர். மதிப்பெண்ணை அனுப்பாமல் விட்டவர்களில் பலருடைய மதிப்பெண்களையும் ஆய்வாளர்கள் பின்னர் பார்க்க முடிந்தது. 1400களில் மதிப்பெண் பெற்ற, வசதி குறைந்த மாணவர்கள் பெருமளவில் அதை மறைத்திருந்தார்கள். அதே நிலையில் இருந்து, அதே அளவு மதிப்பெண் பெற்று, அதை அனுப்பிய மாணவர்களுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு கணிசமாகக் கூடியிருந்தது. அதாவது சேர்க்கை அலுவலகம் அந்த எண்ணைப் பார்த்திருந்தால் அதைக் குறையாகக் கருதியிருக்காது, தகுதிக்கான சான்றாகவே எடுத்துக்கொண்டிருக்கும். கல்லூரி பாராட்டக் காத்திருந்த ஒன்றை, அது தண்டிக்கும் என்று அஞ்சி மாணவர் ஒளித்துவைத்தார்.

டார்ட்மத்தின் அறிவிப்புக்கு அடுத்த மாதம், 2024 மார்ச்சில், ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகமும் கட்டாயத்தை மீண்டும் கொண்டுவந்தது. அங்கே கிடைத்த சான்று வேறு விதமானது. விண்ணப்பித்தவர்களில் 90 விழுக்காட்டினர் தேர்வு எழுதியிருந்தும், 42 விழுக்காட்டினர் மட்டுமே தங்கள் மதிப்பெண்ணைக் கணக்கில் கொள்ளும்படி கேட்டார்கள். கேட்டவர்களின் இடைநிலை மதிப்பெண், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மதிப்பெண், 1420, கேட்காதவர்களின் இடைநிலை 1160. ஆக, அந்தப் பல்கலைக்கழகத்தில் மறைத்தவர்களில் பெரும்பாலோர் ஏறக்குறையச் சரியாகவே கணித்திருந்தார்கள். இரண்டு நிகழ்வுகளையும் ஒன்றாகக் கலந்து ‘எல்லோரும் எப்போதும் அனுப்புங்கள்’ என்று அறிவுரை சொல்பவர்களைப் பார்க்கிறேன், அது தவறு. டார்ட்மத் நமக்குக் காட்டுவது குறிப்பிட்ட ஒரு பிழையை: தன் சூழலில் மிக உயர்ந்து நிற்கும் ஒரு மதிப்பெண்ணை, தேசிய அளவிலான போட்டியின் எண்களோடு மட்டும் ஒப்பிட்டு, தாழ்ந்தது என்று முடிவுகட்டும் பிழை.

ஏறிக்கொண்டே போன எண்

அந்தப் பிழை மாணவரின் அறியாமையால் மட்டும் நேர்ந்ததன்று. அதைக் கல்லூரிகள் வெளியிட்ட எண்களே ஊட்டி வளர்த்தன.

அமெரிக்கக் கல்லூரிகள் ஆண்டுதோறும் ‘காமன் டேட்டா செட்’ என்னும் பொதுப் படிவத்தில் தங்கள் விவரங்களை வெளியிடுகின்றன. அதில் சேர்க்கை பற்றிய பகுதியில், முதலாண்டு மாணவர்களின் மதிப்பெண் பற்றி இரண்டு எண்கள் முக்கியமானவை: கீழிருந்து 25ஆம் விழுக்காட்டில் நிற்பவரின் மதிப்பெண் ஒன்று, 75ஆம் விழுக்காட்டில் நிற்பவரின் மதிப்பெண் மற்றொன்று. 1500–1580 என்று ஒரு கல்லூரி வெளியிட்டால், 1500 என்பதைக் குறைந்தபட்சத் தகுதி என்றே பல வீடுகளில் படிக்கிறார்கள். அதன் பொருள் அதுவன்று. மதிப்பெண் அனுப்பிச் சேர்ந்தவர்களில் கால் பங்கினர் அந்த 1500க்கும் கீழே இருக்கிறார்கள் என்பதே பொருள். இது ஒரு தவறான வாசிப்பு. இதைத் திருத்துவது எளிது.

திருத்த எளிதல்லாத ஒன்று இதற்குள் இருக்கிறது. கணக்காகவே பார்ப்போம். பத்து மாணவர்கள் ஒரு கல்லூரியில் சேர்கிறார்கள் என்றும், அவர்களுடைய மதிப்பெண்கள் 1300, 1360, 1400, 1440, 1480, 1500, 1520, 1540, 1560, 1580 என்றும் வைத்துக்கொள்வோம். எல்லோரும் அனுப்பினால் இடைநிலை 1490. வெளியே தெரியும் மிகக் குறைந்த எண் 1300. அனுப்புவது விருப்பம் என்றானதும் 1450க்குக் கீழே உள்ள நால்வர் அனுப்பாமல் விடுகிறார்கள். இப்போது இடைநிலை 1530 ஆகிறது, மிகக் குறைந்த எண் 1480 ஆகிறது. கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் அதே பத்துப் பேர்தான். ஒருவரும் ஒரு மதிப்பெண்கூட அதிகம் வாங்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு அதே 1480உடன் விண்ணப்பிக்கும் மாணவி அந்த 1530ஐப் பார்த்து, தன்னுடையது போதாது என்று முடிவுசெய்து அனுப்பாமல் விடுகிறாள். இடைநிலை 1540க்கு நகர்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மறைப்பவர்களே அடுத்த ஆண்டின் அச்சத்தை உற்பத்தி செய்கிறார்கள், தாங்கள் அதைச் செய்கிறோம் என்று அறியாமலேயே.

ஆகவே, 2020க்குப் பிறகு வெளியான எந்த மதிப்பெண் வரம்பையும், அதே படிவத்தில் பக்கத்திலேயே தரப்பட்டிருக்கும் இன்னோர் எண்ணோடு சேர்த்தே படிக்க வேண்டும்: சேர்ந்தவர்களில் எத்தனை விழுக்காட்டினர் மதிப்பெண் அனுப்பினார்கள் என்ற எண் அது. 90 விழுக்காட்டினர் அனுப்பிய கல்லூரியின் வரம்பு அந்த வகுப்பின் முகத்தைக் காட்டுகிறது. 40 விழுக்காட்டினர் மட்டும் அனுப்பிய கல்லூரியின் வரம்பு, துணிந்தவர்களின் முகத்தை மட்டும் காட்டுகிறது. இந்த இரண்டாவது எண்ணைப் பார்க்காமல் முதல் எண்ணைக் கண்டு பின்வாங்கியவர்களின் எண்ணிக்கையை யாராலும் சொல்ல முடியாது என்றாலும், அவர்களில் சிலரையாவது எனக்கு நேரில் தெரியும் என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

மதிப்பெண்ணைப் படிப்பவர் அதை எதற்கு அருகில் வைத்துப் படிக்கிறார்

விண்ணப்பத்தோடு பள்ளியிலிருந்து ‘ஸ்கூல் புரொஃபைல்’ என்ற சில பக்கக் குறிப்பு ஒன்று செல்கிறது. அந்தப் பள்ளியில் எத்தனை பேர் படிக்கிறார்கள், எந்த உயர்நிலைப் பாடங்கள் கற்பிக்கப்படுகின்றன, எத்தனை பேர் கல்லூரிக்குச் செல்கிறார்கள், பல பள்ளிகளில் சராசரி எஸ்.ஏ.டி. மதிப்பெண் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். சேர்க்கை அலுவலர் 1420 என்ற எண்ணைத் தனியாகப் பார்ப்பதில்லை. சராசரி 1400 உள்ள, ஆண்டுக் கட்டணம் பல்லாயிரம் டாலர் வாங்கும் ஒரு தனியார் பள்ளியிலிருந்து வந்த 1420 ஒரு சாதாரண எண். சராசரி 1000 உள்ள, கால்குலஸ் பாடமே இல்லாத ஒரு பொதுப் பள்ளியிலிருந்து வந்த 1420, அந்த அலுவலரை நிமிர்ந்து உட்காரவைக்கும். டார்ட்மத் அறிக்கையும் கல்லூரியின் அறிவிப்பும் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: நாங்கள் மதிப்பெண்ணை அது பிறந்த இடத்தில் வைத்தே படிக்கிறோம்.

அப்படிப் படிப்பது உண்மையென்றால், நான்கு ஆண்டுகளாக அதை மாணவர்களிடம் உரக்கச் சொல்லாமல் இருந்தது கல்லூரிகளின் குறை. ‘உங்கள் மதிப்பெண் உங்கள் திறமையைச் சரியாகக் காட்டுகிறது என்று நினைத்தால் அனுப்புங்கள்’ என்ற வாசகம் எத்தனையோ இணையப் பக்கங்களில் இருந்தது. அது ஒரு மாணவருக்கு எதையும் சொல்வதில்லை. திறமைக்கு ஏற்ப என்பதை எந்த அளவுகோலில் அளப்பது என்பதல்லவா அவர் கேட்ட கேள்வி?

அந்த வாசகத்துக்குப் பதிலாக மாணவர் தனக்குத் தானே கேட்டுக்கொள்ள வேண்டியது இது: என் பள்ளியில் இந்த மதிப்பெண் எந்த இடத்தில் நிற்கிறது? பள்ளியின் மேல் கால்பங்கில் நிற்கிறது என்றால், கல்லூரி வெளியிட்ட வரம்பின் கீழ் எண்ணைவிடச் சற்றுக் குறைந்திருந்தாலும், அனுப்புவதன் பக்கமே தராசு சாய்கிறது. பள்ளியின் சராசரிக்கு அருகிலோ கீழோ நின்று, கல்லூரியின் வரம்புக்கும் வெகுவாகக் கீழே இருந்தால், கட்டாயமில்லாத இடத்தில் அனுப்பாமல் விடுவது விவேகம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் விண்ணப்பத்தின் மற்ற பகுதிகளைப் பார்க்க வேண்டும்: பொறியியலுக்கு விண்ணப்பிப்பவரின் கணித மதிப்பெண் 770 என்றால் மொத்தம் சற்றுக் குறைவாக இருப்பது பெரிதாக உறுத்தாது, பள்ளி மதிப்பெண் தடுமாறிய ஓர் ஆண்டு இருந்தால், நல்ல தேர்வு மதிப்பெண் அதற்கு விடை சொல்லும்.

அமெரிக்காவுக்கு வெளியே படிக்கும் மாணவருக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. டார்ட்மத்தின் புதிய விதி, வெளிநாட்டுப் பள்ளி மாணவர்கள் எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. தவிர, பள்ளியில் படிக்கும்போதே எழுதும் கல்லூரித் தரத் தேர்வுகளான ஏ.பி., பன்னாட்டுப் பள்ளித் திட்டமான ஐ.பி., பிரிட்டிஷ் முறையிலான ஏ லெவல் அல்லது அவற்றுக்கு இணையான தேசியத் தேர்வின் முடிவையும் அனுப்ப இடம் தருகிறது. ஆனால் மதுரையிலோ கோவையிலோ பன்னிரண்டாம் வகுப்புப் படிப்பவருக்குப் பொதுத்தேர்வு முடிவு மே மாதத்தில் வருகிறது. அமெரிக்கக் கல்லூரிகளின் சேர்க்கை முடிவோ மார்ச் இறுதி வாக்கில் வெளியாகிவிடுகிறது. விண்ணப்பத்தைப் படிப்பவர் கையில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும், அவருக்கு முன்பின் தெரியாத ஒரு பள்ளியின் உள்தேர்வு மதிப்பெண்களும் மட்டுமே இருக்கும். அந்த நிலையில் 1400களில் உள்ள ஒரு மதிப்பெண்ணை மறைப்பது, தன்னைப் பற்றி அந்நியர் ஒருவர் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே மொழியில் பேச மறுப்பதற்குச் சமம் என்றே கருதுகிறேன்.

எதிர்ப்பக்கம் சொல்வது

தேர்வுக்கு எதிரான வாதத்தை இங்கே ஒதுக்கிவிட்டுப் போக முடியாது, ஏனெனில் அது பெரும்பாலும் உண்மை. ஹார்வர்டைச் சேர்ந்த ராஜ் செட்டி உள்ளிட்ட பொருளியலர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, வருமானத்தில் உச்சியில் இருக்கும் 1 விழுக்காட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் எஸ்.ஏ.டி.யில் 1300 அல்லது அதற்கு மேல் பெறும் வாய்ப்பு, கீழ்த்தட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளைவிட 13 மடங்கு அதிகம். பயிற்சி வகுப்பு, அமைதியான படிப்பறை, மூன்றாவது முறை எழுதுவதற்கான கட்டணம் என்று பணம் நுழையாத இடமே அந்த எண்ணில் இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகம் இந்தக் காரணங்களை முன்னிட்டே 2020இல் தேர்வைக் கைவிடும் முடிவை எடுத்தது; இன்று அதன் எந்த வளாகமும் சேர்க்கைக்கு எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. மதிப்பெண்களைப் பார்ப்பதே இல்லை.

ஆனால் கட்டுரை, பரிந்துரைக் கடிதம், பாடத்துக்கு அப்பாற்பட்ட செயல்பாடுகள் ஆகியவற்றிலும் பணம் நுழையாமல் இல்லை. அவற்றில் இன்னும் எளிதாகவே நுழைகிறது. தேர்வு மதிப்பெண்ணில் உள்ள ஏற்றத்தாழ்வைச் சேர்க்கை அலுவலரால் பள்ளிக் குறிப்பை வைத்து ஓரளவு சமன்செய்து படிக்க முடியும். ஆலோசகர் திருத்திக் கொடுத்த கட்டுரையை அப்படிச் சமன்செய்து படிக்க அவரிடம் கருவி எதுவும் இல்லை. டார்ட்மத் ஆய்வில் என்னை மிகவும் பாதித்தது இந்த இடம்தான்: கட்டாயம் நீக்கப்பட்டதால் வசதி குறைந்த மாணவர்களின் பங்கு தானாக உயர்ந்துவிடவில்லை என்று அவர்கள் கண்டார்கள்.

கட்டாயம் திரும்பியதும் டார்ட்மத்துக்கு வந்த விண்ணப்பங்களின் எண்ணிக்கை குறைந்தது. யேல், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக் ஆகியவையும் அந்த 2024இன் முதல் நான்கு மாதங்களுக்குள் தேர்வைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தன. இவற்றில் யேல், எல்லா விண்ணப்பதாரர்களிடமிருந்தும் ஏ.பி. அல்லது ஐ.பி. தேர்வு முடிவுகளையும் எஸ்.ஏ.டி.க்கு மாற்றாக ஏற்றுக்கொள்ளும் முறையைத் தேர்ந்தெடுத்தது, அவ்வாறு ஏ.பி.யைத் தேர்ந்தெடுப்பவர் தான் எழுதிய எல்லா ஏ.பி. முடிவுகளையும் தர வேண்டும். நல்லதை மட்டும் பொறுக்கி எடுக்கும் வசதி ஒவ்வொரு கதவிலும் ஒவ்வோர் அளவில் இருக்கிறது.

ஒரு மாணவியின் பட்டியல்

அந்த ஆண்டு அக்டோபர் மாதத்தில், நியூ ஜெர்சியில் வசிக்கும், எங்கள் ஊர்க்காரப் பெண்மணி ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். மகளுக்கு 1440 வந்திருந்தது. “அண்ணா, இதை அனுப்பினா கெடுத்துடுமோன்னு பயமா இருக்கு. பேசாம விட்டுடலாமா?” என்று கேட்டார். மகள் படித்தது பழைய தொழிற்சாலை நகரம் ஒன்றின் பொதுப் பள்ளி. பள்ளிக் குறிப்பை வாங்கிப் பார்க்கச் சொன்னேன். சராசரி 1010 என்று இருந்தது. அதைப் படித்துக்காட்டிவிட்டு, அவரே சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

அந்தப் பெண் இருமுறை தேர்வு எழுதியிருந்தாள். மார்ச் மாதத்தில் வாசிப்பும் எழுத்தும் 690, கணிதம் 740, ஆக 1430. ஆகஸ்டில் வாசிப்பும் எழுத்தும் 740, கணிதம் 700, ஆக 1440. வீட்டில் எல்லோரும் 1440 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு, மார்ச் முடிவை மறந்தே போயிருந்தார்கள். பல கல்லூரிகள் ‘சூப்பர்ஸ்கோர்’ முறையில், வெவ்வேறு நாள்களில் பெற்ற பகுதி மதிப்பெண்களில் உயர்ந்தவற்றைச் சேர்த்துப் பார்க்கின்றன. அப்படிப் பார்த்தால் அவளுடையது 740உம் 740உம் சேர்ந்த 1480. ஆனால் ஒரு நாளின் முடிவிலிருந்து கணிதத்தை மட்டும் பிரித்து அனுப்ப முடியாது. எஸ்.ஏ.டி. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு தரும் ‘ஸ்கோர் சாய்ஸ்’ வசதி எந்தத் தேதியின் முடிவை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்க மட்டுமே இடம் தருகிறது. ஆகவே 1480 வேண்டுமென்றால் இரண்டு தேதிகளையும் அனுப்பியாக வேண்டும். குறைந்த மதிப்பெண் கண்ணில் படுமே என்று மார்ச் முடிவை ஒளித்திருந்தால், 40 மதிப்பெண்ணைத் தானே இழந்திருப்பாள்.

தேர்வுக்குப் பதிவு செய்தது முதல் தேர்வு முடிந்து ஒன்பது நாள்கள் வரை, நான்கு கல்லூரிகளுக்கு இலவசமாக மதிப்பெண்ணை அனுப்பலாம் என்ற சலுகை உண்டு. மதிப்பெண் தெரிவதற்கு முன்பே பயன்படுத்த வேண்டிய சலுகை என்பதால் அவள் அதைப் பயன்படுத்தவில்லை. தன்னுடைய நிலையில் அது தவறில்லை. பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் மதிப்பெண்ணை மாணவரே குறிப்பிட்டால் பல கல்லூரிகள் ஏற்றுக்கொள்கின்றன. இடம் கிடைத்து, சேர்வது உறுதியான பிறகு அதிகாரபூர்வமாக அனுப்பினால் போதும் என்பதால், முன்கூட்டியே எல்லாக் கல்லூரிகளுக்கும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தையும் அன்றைய தேதியில் திறந்து படித்து, அவளே எழுதி முடிவுசெய்தாள். டார்ட்மத்தில் கட்டாயம், இரண்டு தேதிகளையும் குறிப்பிட்டாள். ஜார்ஜ்டவுன் எழுதிய எல்லாத் தேர்வுகளின் முடிவுகளையும் கேட்கும் நிறுவனம். அங்கே தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை, இரண்டையும் அனுப்பினாள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இரண்டு வளாகங்கள் பார்க்கவே போவதில்லை. அங்கே அந்த நேரத்தைக் கட்டுரைகளுக்குக் கொடுத்தாள். அனுப்புவது விருப்பம் என்றிருந்த நான்கு கல்லூரிகளில், மூன்றில் வெளியிடப்பட்ட வரம்பின் கீழ் எண் 1480க்குச் சற்று மேலேயும் கீழேயுமாக இருந்தது. பள்ளிச் சராசரி 1010 என்பதை நினைவில் வைத்து மூன்றுக்கும் அனுப்பினாள். நான்காவது, பொறியியலுக்கு மட்டுமே பெயர்பெற்ற ஒரு கல்லூரி. அங்கே சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மதிப்பெண் அனுப்பியிருந்தார்கள், கணிதத்தின் கீழ் எண்ணே 780. அவளுடைய 740 அங்கே 40 மதிப்பெண் கீழே நின்றது.

அந்த ஒன்றில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. பள்ளியில் கால்குலஸ் கற்பிக்க ஆசிரியர் இல்லாமல் அவள் பக்கத்திலிருந்த சமுதாயக் கல்லூரியில் அந்தப் பாடத்தைப் படித்து ‘ஏ’ வாங்கியிருந்ததால், 740ஐ அந்த உழைப்போடு சேர்த்தே படிப்பார்கள் என்பது என் எண்ணம். அவளோ அந்த ‘ஏ’ தனியாக நிற்கட்டும், அதன் பக்கத்தில் 740ஐ வைத்து அதை மங்கவைக்க வேண்டாம் என்றாள். கல்லூரியின் உள்ளறையில் அன்று யார் உட்கார்ந்திருப்பார் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. விண்ணப்பம் அவளுடையது. அந்த நான்காவதுக்கு மட்டும் மதிப்பெண் இல்லாமல், ஜனவரி முதல் தேதிக்கு இரண்டு நாள் முன்பாக அதை அனுப்பினாள்.